முதலில் வந்த தயிர்

பிப்ரவரி 8, 2006, புதன்

கடை திறந்து மூன்று நாள். மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ‘கிரேக்க நாட்டுச் சாப்பாடு’ என்று இவ்வளவு பெரிய போர்டு. இன்று வந்தது இரண்டே பேர், பெரிய கோயில் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள். அவர்களும் தோசை இருக்கிறதா என்று கேட்டார்கள்! நானும் இவரும் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

துபாயில் கிரேக்க ஹோட்டலில் பதினாலு வருஷம் சமைத்த மனுஷர். கட்டிய பெண்டாட்டி நான், இவர் கைச்சாப்பாட்டை இந்த மாதம்தான் சாப்பிடுகிறேன். கத்தரிக்காயும் கொத்துக்கறியும் அடுக்கி ஓவனில் வேகவைத்த மூசாக்கா — அல்லாஹ், என்ன ருசி! இரண்டு தடவை போட்டுக்கொண்டேன்.

“கடை ஓடினா இங்கயே இருந்துடுறேன் கமரு. ஓடலைன்னா மார்ச் ரெண்டாம் தேதி பிளைட்” என்கிறார். லீவு அன்றோடு முடிகிறது.

பிப்ரவரி 10, வெள்ளி

ஜும்மா முடிந்து கடை திறந்ததும் ஏழு பேர்! பாபநாசம் பக்கத்து விவசாயி இளையபெருமாள், அவர் மனைவி அம்சவல்லி, கூட உறவுக்காரர்கள். பெரிய ஆஸ்பத்திரியில் மகளுக்குப் பிரசவம். பேரனைப் பார்த்த சந்தோஷத்தில் புதுசாக ஏதாவது சாப்பிடலாம் என்று நுழைந்திருக்கிறார்கள்.

இவர் கிரேக்க முறைப்படி முதலில் ரொட்டியும், வெள்ளரிக்காய் பூண்டு போட்ட கெட்டித் தயிரும் வைத்தார். உள்ளே வந்து மூசாக்காவை எடுத்துக்கொண்டு திரும்பினால் மேஜை காலி. ஏழு பேரும் வரிசையாக நின்று கை கழுவிக்கொண்டிருக்கிறார்கள்!

ஓடினேன். “அக்கா, இன்னும் சாப்பாடே வரலையே!”

“தயிர் வந்துடுச்சேம்மா? இவ்ளோதான் போலன்னு எழுந்துட்டோம்” என்றார் அம்சவல்லி.

மறுபடி உட்காரச் சொல்லிக் கெஞ்சினேன். “கை கழுவிட்டுத் திரும்ப உக்காரக் கூடாதும்மா” என்று இளையபெருமாள் கிளம்பிவிட்டார். அவ்வளவு மூசாக்காவையும் பக்கத்துக் கடைக்காரர்கள் சாப்பிட்டார்கள்.

பிப்ரவரி 11, சனி

சண்டை. தயிரைக் கடைசியில் வையுங்கள் என்றேன்.

“கிரீஸ்காரன் கேட்டா சிரிப்பான்.”

“கிரீஸ்காரனா பாபநாசத்துலேருந்து பஸ் புடிச்சு வர்றான்?”

அதோடு பேச்சு நின்றது. நான் எதுக்கு இவ்ளோ கத்துனேன்? தயிருக்காகவா? இல்லை. வாசலில் இவர் செருப்பு கிடப்பது பழகிவிட்டது. போகக் கூடாது. இங்கே எழுத முடிகிறது, முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

பிப்ரவரி 12, ஞாயிறு

இன்றும் பேசவில்லை. உப்பு மட்டும் கேட்டார்.

பிப்ரவரி 14, செவ்வாய்

“முதல்ல கறி, கடைசியில தயிர். போதுமா?” என்றார் காலையில். போதும், போதும்! மத்தியானம் நான்கு மேஜை நிறைந்தது. ஒருவரும் பாதியில் எழவில்லை.

பிப்ரவரி 18, சனி

மகளையும் பேரனையும் அழைத்துப் போக வந்த இளையபெருமாள் குடும்பம் நேரே நம் கடைக்கு வந்துவிட்டது. “இன்னைக்கு ஏமாற மாட்டோம். இருக்கிறதெல்லாம் கொண்டாங்க!” என்று சட்டமாக உட்கார்ந்தார். மூசாக்கா தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். தயிர் வந்ததும் அம்சவல்லி அக்கா என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு!

கை கழுவியதும் இளையபெருமாள் இவரைப் பிடித்துக்கொண்டார். “ஆவணியில பேரனுக்குக் காது குத்துறோம். கிடா விருந்து. இந்தக் கத்திரிக்காய் கறியை நீங்கதான் வந்து செஞ்சு தரணும்.”

“அதுக்கென்ன, வந்துடுறேங்க” என்று சொல்லிவிட்டு இவர் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஆவணிக்கு இன்னும் ஆறு மாதம்!

வீட்டுக்கு வந்ததும், “துபாய்க்குப் போன் போட்டு முதலாளிகிட்ட சொல்லணும்” என்றார்.

“என்னன்னு?” என்றேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

“ஆவணியில ஒரு காதுகுத்து இருக்குன்னு.”