ரேடியோ ரிப்பேர் குழுவில் நீ

என் கண்ணுக்கு,

ஒரு புத்தகத்தைப் பார்த்து பலர் கூடிக் கேள்வி பதில் எழுதும் இணையச் செய்திக்குழு பார்க்க நானே கற்றுக்கொண்டேன். புதிதாகச் சேருகிறவர் சில வாரம் எதுவும் எழுதாமல் படிக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. உன் தங்கை சொல்லி, நீ எழுதும் ரேடியோ ரிப்பேர் குழுவில் சேர்ந்து, தினமும் பிரார்த்தனை முடிந்ததும் படிக்கிறேன். மூன்று வாரத்தில் நாற்பத்தொரு பேர் உன்னிடம் சந்தேகம் கேட்டிருக்கிறார்கள், நோட்டில் குறித்திருக்கிறேன். ஒருவரையும் நீ வெறுங்கையோடு அனுப்பவில்லை.

போன வாரம் ஒருவர், "ஒரே கரகரங்குது, தூக்கிப் போட்டுடவா?" என்று கேட்டார். ஆளாளுக்கு யோசனை சொல்ல வந்தார்கள். "கொஞ்சம் சும்மா இருங்கப்பா, அவர் வந்து சொல்லட்டும்" என்று இன்னொருவர் அடக்கினார். அவர் என்றது உன்னை! மறுநாள் நீ எழுதும்வரை அத்தனை பேரும் காத்திருந்தார்கள். பெருமையில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கூடவே வெட்கமாகவும் இருந்தது.

உனக்குப் பேச்சு திக்கும்போதெல்லாம், உதவி என்று நினைத்து நானே முடித்துவைத்தேன். நீ கட்டிக்கொள்ள நினைத்த பெண் நம் வீட்டுக்கு வந்த அன்றும், அவள் உன்னைக் கேட்டதற்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். "நா... நான் பேசறேன்மா" என்றாய். அதையும் காதில் வாங்கவில்லை. நீ போன் செய்து எட்டு மாதமாகிறது.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுப்பா. ஒரு வார்த்தைக்கு அரைமணி ஆனாலும் ஆகட்டும், இடையில் 'ம்' கூடக் கொட்ட மாட்டேன். சத்தமே இல்லையே, அம்மா வைத்துவிட்டாளோ என்று மட்டும் நினைத்துவிடாதே.

உன் அம்மா