ஐந்தாவது ஆள்

பாப்பாரப்பட்டி,
11-12-1943

அன்பு மிகுந்தவருக்கு,

"சாக்ரட்டீஸ் விஷத்தையே மறுக்காமல் குடித்தார். பி.ஏ.வில் தத்துவம் படித்த உனக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத முடியாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நேரில் என்றால் தலை குனிந்து நின்றிருப்பேன். காகிதம் என்பதால் சொல்கிறேன்.

சாமை அறுப்புக்காக மலையேறிப் போன பிள்ளைகளின் பெயர்களைப் பதிவேட்டில் அடித்துவிடச் சொன்னார் பள்ளி மானேஜர். அடித்துவிட்டால் அவர்கள் திரும்பி வந்து சேர முடியாது. மற்ற நான்கு ஆசிரியர்களும் அடித்தார்கள். என்னிடம் மானேஜர், "ஒரு கோடு போடறதுக்கு என்னாம்மா யோசன? அதுங்க படிச்சு கலெக்டராவா ஆவப் போவுது?" என்று சிரித்தார். நான் பேனாவை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாக்ரட்டீஸும் ஒருமுறை இப்படித்தான் வீட்டுக்குப் போனார். குற்றமற்ற ஒருவரைக் கொல்வதற்காகப் பிடித்துவரும்படி ஆட்சியாளர்கள் ஐந்து பேரை ஏவினார்கள். நான்கு பேர் போனார்கள். அவர் போகவில்லை.

விஷம் குடித்ததால் அவரைச் சொன்னதெல்லாம் கேட்டவர் என்று நினைக்கிறோம். தனக்கு வந்த தண்டனையைத்தான் அவர் ஏற்றார். பிறருக்குத் தீங்கு செய்யும் கட்டளையை அல்ல.

மானேஜர் கேட்கும் மன்னிப்பை எழுதாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து எனக்கு வேலை இல்லை. அதை ஏற்றுக்கொள்கிறேன். எழுத மாட்டேன்.

நேற்று, மலைக்குப் போயிருந்த என் வகுப்புக் கருப்பியை அவள் தாய் அழைத்து வந்து, "அறுப்பு முடிஞ்சிதுங்க டீச்சரம்மா. பேரு இருக்குதுங்களா?" என்றாள்.

பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டேன். "உள்ளேன்" என்று கருப்பி போட்ட சத்தத்தில் அடுத்த வகுப்பே திரும்பிப் பார்த்தது.

என்றும் தங்கள்,
மனைவி