பாதி மூட்டையில் உட்காருவது

என் அன்பு வாலுப்பெண்ணுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். இங்கே அம்மா முழு நலம், நான் முக்கால் நலம், மிச்சக் காலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுகிறாய், நானும் பேச்சை மாற்றிவிடுகிறேன். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு இன்னும் பெயர் எதுவும் சொல்லவில்லை, நரம்புக் கோளாறாக இருக்கலாம், இன்னொரு பரிசோதனை செய்துதான் சொல்ல முடியும் என்கிறார். கூப்பிடாத விருந்தாளி மாதிரி அது என் வலது காலில் வந்து உட்கார்ந்திருக்கிறது. சில நாள் இருப்பதே தெரியாது, சில நாள் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடக்கிறேன்.

போன வாரம் நடந்ததை அம்மா ஊதிப் பெரிதாக்கிச் சொல்லியிருப்பாள். நடந்தது இதுதான். அன்றைக்குக் கால் நன்றாக இருந்தது. இஸ்திரி போடுகிறவன் புத்தி உனக்குத் தெரியுமே, பெட்டி சூடாக இருக்கும்போதே துணி மூட்டையை முடித்துவிட வேண்டும், நடுவில் ஆறவிட்டால் கரண்டும் வீண் நேரமும் வீண். உடம்பையும் அப்படியே நினைத்துவிட்டேன். கால் ஒத்துழைக்கும்போதே நாளைய வேலையையும் முடித்துவிடுவோம் என்று லாட்ஜ் விரிப்புகள் மொத்தத்தையும் நின்றபடியே தேய்த்தேன். கடைசி விரிப்பை மடிக்கும்போது முட்டி மடங்கிவிட்டது. துணிக் குவியல் மேலேயே விழுந்ததால் அடியில்லை, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. அம்மா ஓடிவந்து பெட்டியை அணைத்துவிட்டு என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள், ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிறகு இரண்டு நாள் படுக்கைதான்.

ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண்ணிடம் இதைச் சொன்னபோது, களைச்சுப் போய் உக்காராதீங்க, களைக்கிறதுக்கு முன்னாடியே உக்காருங்க என்றாள். சும்மா படுத்துக் கிடந்தாலும் கால் இன்னும் சோர்ந்துபோகுமாம், தினமும் கொஞ்சம் வேலை கொடுக்க வேண்டும், ஆனால் நல்ல நாளிலும் அதே அளவுதான். களைக்காமலே உட்காருவது எனக்கு வேலைக்கு மட்டம் போடுவது மாதிரி இருக்கிறது, துணி வாங்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கூச்சம் வேறு. அதனால் ஸ்விட்ச் இப்போது அம்மா வசம். மூட்டை பாதியானதும் அணைத்துவிடுகிறாள், பெட்டி சட்டைமேல் இருந்தாலும் சரி. வீட்டில் எப்போதும் அவள் ஆட்சிதான், இப்போது கடைக்கும் பரவிவிட்டது. மேஜையைத் தாழ்த்தி ஸ்டூல் போட்டிருக்கிறோம், சட்டைகளை உட்கார்ந்தே தேய்க்கிறேன், காலர் முன்னைவிட நன்றாக வருகிறது என்கிறாள், பொய்தான்.

வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். வேண்டாம் கண்ணு. எனக்குப் பயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் நீ அங்கே சொந்தக் காலில் நிற்கிறாய் என்பதுதான் எனக்குத் தெம்பு. லீவு கிடைக்கும்போது சொன்னபடி வா, அது போதும். நீயும் வேளைக்குச் சாப்பிடு, ஷிப்ட் முடிந்ததும் தூங்கு, என் பெண் என்பதால் கையில் எடுத்ததை முடிக்காமல் எழுந்திருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க எங்கள் ஆசீர்வாதம். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். வரும்போது என்னை ஸ்டேஷனில் தேடாதே, உன் கையிலிருந்து பெட்டியை வாங்க ஓடி வரமாட்டேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன், பார்த்ததும் முகத்தைத் தொங்கப்போடாதே. அன்றைக்குக் காலையிலிருந்து ஒரு வேலையும் தொடாமல் உட்கார்ந்திருப்பேன், நீ வரும்போது எழுந்து நிற்பதற்காக.

உன் அப்பா