சுவரோர அத்தியும் உன் கையெழுத்தும்

என் அன்பு வசந்தாவுக்கு,

நீ கண்ணை மூடி ஆறு மாதம் ஆகிறது. பூட்டிக் கிடக்கும் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் நம் அத்தி மட்டும் அடிமரம் முழுக்கக் காய்த்து நிற்கிறது. காலையிலிருந்து கொல்லைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். நாளைக்கு அதை வெட்ட ஆள் வருகிறது, வசந்தா. வரச் சொன்னது நான்தான்.

போன வருடம் நான் மாநகராட்சிக்குக் கொடுத்த மனு. சுவர் விரிசல் விடுகிறது, பழம் விழுந்து அழுகி ஈ மொய்க்கிறது, வௌவால் என் துணியை நாசம் செய்கிறது என்று இரண்டு பக்கம் எழுதினேன். உன்னிடம் மூச்சு விடவில்லை. அன்றைக்குப் பார்த்து நீ சுவருக்கு மேலாக அத்திக்காய்க் கூட்டை நீட்டினாய்.

"பிஞ்சாப் பறிச்சு மோர்ல போட்டு வச்சது அக்கா. பூச்சி ஒண்ணும் இருக்காது, சாப்பிட்டுப் பாருங்க."

வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

மனுவை மறந்தே போயிருந்தேன். நேற்று மரத்தை வெட்ட உத்தரவு வந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துத் திருச்சி ஆபீசுக்குப் போனேன்.

"நீங்கதானேம்மா வெட்டச் சொன்னீங்க? எல்லையில இருக்கிற மரம்னு பக்கத்து வீட்டம்மாவையும் கேட்டோம். அவங்களும் சம்மதம் குடுத்திருக்காங்க" என்று அங்கிருந்த எழுத்தர் ஃபைலைத் திருப்பிக் காட்டினார்.

உன் கையெழுத்து. 'அக்காவுக்குத் தொந்தரவு என்றால் வெட்டிவிடலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.' நான் மனு கொடுத்த மறுவாரத் தேதி. அதற்கப்புறமும் எத்தனை கிண்ணம் கூட்டு கொடுத்தாய்? ஒரு சண்டையாவது போட்டிருக்கக் கூடாதா? அங்கேயே நின்று அழுதேன்.

மனுவைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தேன்.

"ஆளுங்களுக்குச் சொல்லிப் பாக்கிறேன். நாளன்னிக்குக் காலையில சீக்கிரமே வந்துருவாங்க, வந்தா இந்த நகலைக் காட்டுங்க" என்றார்.

காட்டினால் கேட்பார்களா? அந்தத் தாளை எத்தனை முறை எடுத்துப் பார்ப்பது? சும்மா இருக்க முடியாமல் பிஞ்சுக் காய் பறித்து மோரில் போட்டேன். பால் வடிந்து கையெல்லாம் பிசுக்கு. நீ முதலில் எண்ணெய் தடவிக்கொள்வாய் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

விடிந்ததும் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். யார் வந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். அவர்கள் திரும்பிப் போன பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பேன். கூட்டு ஆனதும், முதல் கிண்ணம் சுவருக்கு அந்தப் பக்கம்.

சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உன் அக்கா