முத்திரை கிழிக்காத கிண்ணம்

என் முதலாளியம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். தொட்டியில் இருக்கும் ஏழு மீன்களும் நலம். உன் அத்தி எங்கள் எல்லோரையும்விட நலம். ஆமாம், சரியாகத்தான் படித்தாய். மூன்றாவது மாடி பால்கனியில், ஒரு பிடி மண்கூட இல்லாமல், உன் அத்தி வேர் விட்டுவிட்டது! பதினொரு குச்சி வைத்தேன், எட்டு பிழைத்துவிட்டது. உன் கொள்ளுப்பாட்டன் காலத்து ரேடியோவைப் பாட வைத்தபோதுகூட நான் இப்படிக் குதித்ததில்லை.

வீட்டை உன்னிடம் கேட்காமல் விற்றது என் தப்பு. மூட்டுவலி, படிக்கட்டு, இங்கே லிஃப்ட் இருக்கிறது என்று ஆயிரம் காரணம் சொன்னேன். அதையாவது பொறுத்துக்கொண்டாய். நீயும் அம்மாவும் நட்ட அத்தி மரத்தை, வாங்கினவர் வெட்டப்போகிறார் என்றதும், "மரம் போச்சுன்னா இனிமே என்கிட்ட பேசாதீங்கப்பா" என்று போனை வைத்துவிட்டாய்.

மரம் விழுவதற்கு முந்தின நாள் அங்கே போனேன். அம்மாவின் கத்தரிக்கோலால் ஒரு சாண் நீளத்தில் பதினொரு குச்சி வெட்டினேன். வெட்டின இடமெல்லாம் பால் வடிந்தது. கழுவி, ஈரத்துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் விறகா என்று கேட்டார். நான் முறைத்த முறைப்பில் அடுத்த நிறுத்தத்திலேயே எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

இங்கே வந்தால் கட்டடச் செயலாளர், பால்கனியில் மண் கொட்டக்கூடாது, கீழ்வீட்டுக்கு ஒழுகும் என்று ஒற்றைக் காலில் நின்றார். தெருமுனையில் வண்ணமீன் விற்கிற அம்மாதான் வழி சொன்னாள். கீழே மீன்தொட்டி, மேலே கூழாங்கல் நிரப்பிய தட்டு. மீன் அழுக்காக்கிய தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும், அந்த அழுக்குதான் செடிக்குச் சாப்பாடு. தட்டு நிறைந்ததும் வளைந்த குழாய் ஒன்று தண்ணீரைத் தானே கீழே இறக்கிவிடும். மோட்டார் பழைய ஏர்கூலரில் கழற்றியது. குழாயை வளைத்தது உன் அப்பா. குச்சிகளை ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கிண்ணங்களில் நிறுத்தி, கல்லுக்குள் புதைத்தேன்.

அப்புறம்தான் என் புத்தியைக் காட்டினேன். நாற்பது வருடம் எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்பாதவன் இல்லையா? தினமும் காலையில் ஒவ்வொரு குச்சியாகத் தூக்கி, அடியில் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்தேன். மூன்று வாரத்தில் இரண்டு அழுகிவிட்டன. மூன்றாவதில் நூல் மாதிரி ஒரு வெள்ளை வேர் வந்திருந்தது. அதுவும் என் விரல் பட்டே ஒடிந்தது, அந்தக் குச்சியும் போச்சு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மீன்கடை அம்மாவிடம் போய்ச் சொன்னால், "தூக்கித் தூக்கிப் பாத்தா அது எப்பண்ணே பிடிக்கும்? கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்றாள்.

சும்மா இருப்பது எனக்கு வராத வேலை. நம் ரிப்பேர் கடையை மூடியபோது மிச்சம் வந்த ஸ்டிக்கர்கள் நினைவிருக்கிறதா? 'முத்திரை கிழிந்தால் உத்தரவாதம் இல்லை' என்று ரிப்பேர் செய்த பெட்டிகளில் ஒட்டுவோமே. அதை எட்டுக் கிண்ணங்களின் மேலும் ஒட்டினேன். ஒன்பதாவதை என் போன் மேல் ஒட்டினேன். மரம் விழுந்ததிலிருந்து தினமும் காலையில் உன்னைக் கூப்பிட்டு, கோபம் போச்சாம்மா, போச்சாம்மா என்று நச்சரித்துக்கொண்டிருந்தேனே, அதற்காக. ஐம்பது நாளாகக் கூப்பிடாததற்குக் காரணம் அதுதான். அப்பா மறந்துவிட்டார் என்று நினைத்திருந்தால், அந்த நினைப்பை இப்போதே தூக்கிக் குப்பையில் போடு.

இலை வந்தது. இலையை நம்பாதீங்க, குச்சியில் இருக்கிற சத்திலேயே வரும் என்று மீன்கடை அம்மா அதிலும் தண்ணீர் ஊற்றினாள். கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். போன வாரம் திடீரென்று தட்டில் தண்ணீர் இறங்கவில்லை. வழிந்து தரையெல்லாம் ஓடியது. செயலாளர் மேலே வருவதற்குள் சரிசெய்துவிடலாம் என்று குழாயைக் கழற்றினால், உள்ளே வெள்ளை வெளேரென்று வேர்! கிண்ணத்தைத் தாண்டி, கல்லைத் தாண்டி, குழாய்க்குள் புகுந்து அடைத்திருக்கிறது உன் அத்தி. ஒரு சாமான் கெட்டுப்போனதற்கு நான் கைதட்டியது அதுதான் முதல் தடவை. சண்டைபோட வந்த செயலாளரும் ஈரத்தில் நின்று பார்த்தார், பார்த்துவிட்டு வாசலில் வைக்க இரண்டு செடி கேட்டார். கொஞ்சம் அலையவிட்டுத்தான் கொடுத்தேன். வீட்டை வாங்கினவரும் ஒன்று வாங்கிப் போய் வாசல் கேட் ஓரமாக நட்டிருக்கிறார். மரம் இருந்த இடத்திலிருந்து நாலடிதான். மற்ற நாலும் பால்கனியில் கூழாங்கல் நிரப்பிய வாளிகளில் நிற்கின்றன.

கணக்குப் பார்த்தால் ஒன்று குறையும். அதை நான் தொடவில்லை. கல்லுக்குள்ளேயே இருக்கிறது, மேலே ஸ்டிக்கரும் அப்படியே இருக்கிறது. அது உன்னுடையது. நீ வந்து உன் கையால் கிழித்து எடு. எப்போது வருவாய் என்று நான் கேட்கமாட்டேன், கேட்டால் நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல். மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டு இருக்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு கண்ணு. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
கையைக் கட்டிக்கொண்டு உட்காரக் கற்றுக்கொண்ட
உன் அப்பா