கொலோனுக்கு வந்த நாலாவது ஆள்

அக்கா,

முந்தநாள் ஜெனி பள்ளிக்கூடத்தால் வந்ததும் படங்கள் போட்டு வைத்திருக்கிற சப்பாத்துப் பெட்டியைக் கிண்டினாள். குடும்பப் படம் ஒன்று கொண்டுவரச் சொல்லி ரீச்சர் சொன்னாவாம். அடியில் நான் கவிழ்த்து வைத்திருந்த படம்தான் அவள் கையில் அகப்பட்டது.

"அம்மா, இதில நாங்கள் மூண்டு பேரும் வடிவாய் நிக்கிறம். பின்னுக்குப் பெரிய சேர்ச். இதைக் கொண்டுபோகவோ?" என்றாள். பிறகு படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏன் நீங்கள் ஒரு கையைப் பொத்திக்கொண்டு நிக்கிறியள்? ஆருக்கோ குத்தப் போற மாதிரி" என்று சிரித்தாள்.

நான் வேறு படம் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவளுக்கு ஞாபகம் இல்லை, அக்கா. அப்போது அவளுக்கு ஆறு வயது. இன்றைக்கு ஞாயிறு, இவர் முதியோர் இல்லத்துக் குசினிக்கு வேலைக்குப் போய்விட்டார். அவளுடைய கொப்பியில் ஒரு தாள் கிழித்து உங்களுக்கு எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், எழுதுவேன். ஊரில் இருந்த அம்மாவுக்கு நான் போட்ட கடிதம் எல்லாம் நீங்கள் எழுதித் தந்தவைதான். நான் சொல்லச் சொல்ல எழுதிவிட்டு, "இவ்வளவு அழுகை வேண்டாம் பிள்ளை, தாய் மனிசி பாவம்" என்று நாலு வரியை வெட்டுவீர்கள். இதை வெட்ட ஆளில்லை.

அகதிகள் விடுதியில் உங்கள் அறையும் எங்கள் அறையும் பக்கத்துப் பக்கத்தில். நடுவில் அட்டைச் சுவர். நீங்கள் தனியாள். மன்னாரில் சகோதரியிடம் விட்டுவந்த மகளின் படத்தைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருந்தீர்கள். உங்கள் அகதிக் கேஸ் சரிவந்தால் அவளைக் கூப்பிடலாம். உங்களுக்கு அந்த ஒரு நினைப்புத்தான்.

எனக்குக் கொலோன்மேல் எவ்வளவு ஆசை என்று உங்களுக்குத் தெரியும். சின்ன வயதில் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு பழைய கலண்டர் இருந்தது. ஜேர்மனியில் இருந்த மாமா அனுப்பியது. திகதி எல்லாம் கிழிந்துபோய் மேல்படம் மட்டும் மிச்சம். ஆற்றங்கரையில் கொலோன் நகரத்து இரட்டைக் கோபுரக் கோவில், வெயில் பட்டுப் பொன்னாய் மினுங்கும். யேசு பாலனைப் பார்க்கப் போன மூவிராசாக்களின் எலும்புகள் அங்கேதான் பெட்டிக்குள் இருக்கின்றன என்று மாமா எழுதியிருந்தார். பொம்பர் குண்டு போட்டதில் எங்கள் வீட்டுச் சுவர் விழுந்துவிட்டது. படம் என் மனதில் விழாமல் நின்றது. ஜேர்மனிக்கு வந்தும் இரண்டு வருஷமாக ரயிலில் ஒரு மணித்தியாலத் தூரத்தில் அது இருந்தது. கேஸ் முடியும்வரை அகதிகள் தங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்ற சட்டத்தால் போக ஏலாமல் இருந்தேன்.

எங்களுக்கு அகதி அந்தஸ்து கிடைத்து நீலப் பாஸ்போட் கையில் வந்த கிழமை, இவர் கேட்டார், "முதல்ல எங்க போவம்?" நான் கொலோன் என்றேன். வார இறுதிச் சீட்டு ஒன்று எடுத்தால் ஐந்து பேர் போகலாம். சனிக்கிழமை என்று முடிவாயிற்று.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் மூன்று பேர். நல்ல காரியத்துக்கு மூன்று பேராய் வெளிக்கிடக் கூடாது. யேசுவைக் கும்பிடுகிற வேதக்காரிக்கு இது என்ன என்று கேட்பீர்கள். கேட்டீர்கள்தான். சோறு வடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, "மூண்டு ராசாக்களும் மூண்டு பேராய்த்தானே வெளிக்கிட்டவை. அவைக்கு என்ன கேடு வந்தது?" என்றீர்கள்.

"அவைக்கு நட்சத்திரம் கூடப் போனது. அது நாலாவது" என்றேன்.

"ஓகோ, அப்ப நான் நட்சத்திரமோ? இந்த முட்டியையும் கால் வீக்கத்தையும் வச்சுக்கொண்டு!"

இருவரும் சிரித்தோம். பிறகு நீங்கள் குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள்: "எனக்கு ஏலாது பிள்ளை. போன வருஷம் வேற ஊருக்குச் செத்தவீட்டுக்குப் போய்ப் பிடிபட்டது தெரியும்தானே. இன்னொருக்கால் பிடிபட்டால் குற்றமாய்ப் பதிவாங்கள் எண்டு லோயர் சொன்னவர்."

எனக்கு அது தெரியும். உங்கள் பேப்பரில் எங்கள் மாவட்டத்தின் பெயர் மட்டும்தான் இருந்தது. அலுவலகத்தில் எழுதிக் கேட்டால் அனுமதி தருவார்கள், ஆனால் அதற்கு ரேர்மின் என்று முன்கூட்டியே ஒரு திகதி வாங்க வேண்டும், அது அடுத்த மாதம். நான் ஒரு மாதம் பொறுத்திருக்கலாம், அக்கா. கலண்டர்ப் படத்தை இருபது வருஷம் சுமந்தவளுக்கு ஒரு மாதம் பெரிதா?

"சனிக்கிழமையில ஆர் பாக்கப் போறாங்கள்?" என்றேன். "நீங்கள் வராட்டில் நாங்களும் போகேல்லை" என்றும் சொன்னேன். அது பொய். நான் எப்படியும் போயிருப்பேன்.

அன்று காலையில் நீங்கள் முற்றத்துக்கு இறங்கி வந்தபோது ஒரு கையில், வழியில் சாப்பிடப் பொரித்த றோல்ஸ் கட்டிய பை. மற்றக் கையில் ஒரு கல். விடுதி வாசலில் கொட்டியிருந்த சல்லியில் பொறுக்கிய, முட்டை அளவுக் கல்.

"நான் யோசிச்சுப் பாத்தன், வரேல்லை. ஊரில ஆக்கள் காணாட்டில் ஒரு கல்லை நாலாவதாய்க் கொண்டு போறதுதானே. இதைக் கொண்டு போங்கோ. ரெண்டும் ஒண்டுதான், இது றோல்ஸ் கேக்காது" என்றீர்கள்.

இவரும், "விடும், அக்கா சொல்லுறது சரிதானே" என்றார். நான்தான் விடவில்லை. கல்லைப் பிடுங்கி உங்கள் கோட்டுப் பைக்குள்ளேயே திரும்பப் போட்டேன். "மனிசர் இருக்கக் கல்லோ?" என்று உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். நீங்கள் வந்தீர்கள். அந்த இழுப்பு இன்னும் என் கையில் இருக்கிறது, அக்கா. நீங்கள் பாரமாகவே இல்லை. உங்களுக்கும் பார்க்க ஆசை இருந்ததால்தான் அவ்வளவு லேசாக வந்தீர்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

ரயிலில் நீங்கள் யன்னல் பக்கம். ஆற்றுப் பாலம் வந்தது. இரும்புப் பாலம். அதற்கு அங்கால் இரட்டைக் கோபுரம் எழும்பியது. நான் பொன்னிறம் என்றுதான் காத்திருந்தேன். அது கறுப்பு. அடியிலிருந்து நுனிவரை கறுப்பு. எரிந்த வீட்டுச் சுவர் மழைக்குப் பிறகு நிற்குமே, அந்தக் கறுப்பு. இவ்வளவு தூரம் ஓடிவந்து, கடைசியில் ஊரில் விட்டுவந்த நிறத்தைத்தான் பார்க்கிறேனா என்று நினைத்தேன். ஜெனி, "பேய் வீடு!" என்று கத்தினாள். நீங்கள் மட்டும் நெற்றியில் சிலுவை போட்டு, "புகையில கறுத்தது பிள்ளை, உள்ளுக்கு வெளிச்சமாய் இருக்கும்" என்றீர்கள்.

ரயில் நிலையத்துக்குள் கடல்போல் சனம். கண்ணாடிக் கதவு தெரிந்தது. அதற்கு வெளியே பத்தடியில் கோவில். கதவுக்கு இப்பால் இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள். அவ்வளவு சனத்தில் அவர்கள் எங்கள் நாலு பேரைத்தான் மறித்தார்கள்.

இவர் நீலப் பாஸ்போட்டுகளை நீட்டினார். நீங்கள் மடித்த பேப்பரைக் கொடுத்தீர்கள். இளம் பொலிஸ்காரன் வாசித்துவிட்டு ஏதோ கேட்டான். பெரியாக்கள் எங்கள் மூவருக்கும் அவ்வளவு ஜேர்மன் விளங்காது. அவன் குனிந்து ஜெனியிடம் கேட்டான். அவள் கெட்டிக்காரியாய், பள்ளியில் பாடம் ஒப்புவிக்கிற குரலில் உங்களுக்குச் சொன்னாள்:

"அன்ரி, உங்கட பேப்பரில இந்த ஊர் இல்லையாம். ஏன் வந்தனீங்கள் எண்டு கேக்கிறார்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் நிலத்தைப் பார்த்தேன். என்னால்தான் வந்தா, நான்தான் இழுத்துவந்தேன் என்று ஜெனியிடம் சொல்லச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புதுப் பாஸ்போட்டுக்கு ஏதும் வந்துவிடுமோ என்று பயந்தேன்.

"கோவில் பாக்க எண்டு சொல்லு, குஞ்சு" என்றீர்கள்.

உங்களை உள் அறைக்கு வரச் சொன்னார்கள். போக முன்னம் கோட்டுப் பைக்குள் கை விட்டு, அந்தக் கல்லை எடுத்து என் உள்ளங்கைக்குள் வைத்து விரல்களை மூடிவிட்டீர்கள். "இப்ப திரும்பவும் மூண்டு பேர். இதை வச்சுக்கொண்டு போய்ப் பாத்திட்டு வாங்கோ. பிள்ளை ஆசைப்பட்டது" என்றீர்கள். கண்ணாடிக் கதவு வழியாக ஒருதரம் வெளியே எட்டிப் பார்த்தீர்கள். அங்கே கறுப்புச் சுவர் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

நாங்கள் போய்ப் பார்த்தோம், அக்கா. இதை உங்களுக்கு நான் ஒருநாளும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. பொன் பெட்டியைப் பார்த்தோம். மெழுகுதிரி கொளுத்தினோம். நீங்கள் சொன்ன மாதிரி உள்ளே வெளிச்சம்தான், கண்ணாடி வழியாகச் சிவப்பும் நீலமுமாய் என் கைமேல் விழுந்தது. வாசலில் ஒரு வழிப்போக்கரிடம் கமெராவைக் கொடுத்துப் படமும் எடுத்தோம். நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். திரும்பும்போது ஜெனிக்குப் பசித்தது, றோல்ஸைப் பிரித்தோம். நல்ல உறைப்பு. நானும் இரண்டு சாப்பிட்டேன்.

நீங்கள் அன்று பின்னேரம் தனியாகத் திரும்பி வந்தீர்கள். கோபம் இல்லை. "கோவில் எப்பிடி?" என்றுதான் முதலில் கேட்டீர்கள். பிறகு, எல்லை தாண்டியதற்குக் கோர்ட்டுக் கடிதம் வந்தது. அடுத்த வருஷம் உங்கள் கேஸ் தள்ளுபடி என்று வேறு கடிதம் வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று லோயர் சொன்னார், மொழிபெயர்த்தவர் சொன்னார், நீங்களும் சொன்னீர்கள். வாசிக்கத் தெரிந்த எல்லாரும் அப்படித்தான் சொன்னீர்கள். எனக்கு அவ்வளவு வாசிக்கத் தெரியாது. அந்தக் கடிதத்தில் ஏதோ ஒரு வரியில் கொலோன் என்று எழுதியிருக்கும் என்றே நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஒரு காலையில் பொலிஸ் வந்து, நாட்டுக்குத் திருப்பி அனுப்ப உங்களைக் கொண்டு போனார்கள். நாங்கள் அப்போது இந்த வுப்பர்டால் வீட்டுக்கு வந்துவிட்டோம். செய்தி இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. கொழும்பிலிருந்து ஒருதரம் போன் எடுத்தீர்கள். பிறகு மன்னாரிலிருந்து ஒரு கடிதம், இவர் வாசித்துக் காட்டினார்: "மகளைக் கண்டிட்டன். என்னைவிட வளர்ந்திட்டாள். பிள்ளை, நீ ஒண்டுக்கும் யோசியாதை." அதற்குப் பிறகு வந்த கடிதம் மகளின் எழுத்தில் இருந்தது. மலேரியா, அம்மா போயிட்டா என்று எழுதியிருந்தாள். சண்டையால் மருந்து வரும் பாதை பூட்டியிருந்ததாம்.

நான் மூன்று பேராய் வெளிக்கிட இப்போது பயப்படுவதில்லை. பயப்பட என்ன மிச்சம்? ஆனாலும் எங்கே போனாலும் அந்தக் கல் என் கைப்பையில் இருக்கிறது. கடைக்குப் போனாலும், பூசைக்குப் போனாலும், டொக்டரிடம் போனாலும். சீட்டு எடுக்கும்போது விரலில் தட்டும். ஜெனி ஒருநாள் எடுத்துப் பார்த்து, "ஏன் அம்மா குப்பையைக் காவுறியள்?" என்றாள்.

இன்றைக்குப் பள்ளியால் வந்ததும் அந்தப் படத்தைத் திரும்ப எடுத்து அவள் முன்னால் வைக்கப்போகிறேன். கையைப் பொத்தியிருப்பது ஏன் என்று சொல்லப்போகிறேன். இன்று ஞாயிறு, பள்ளியில்லை என்பதையும் மறந்து எழுதுகிறேன் பாருங்கள். அவள் பக்கத்து அறையில்தான் இருக்கிறாள், அக்கா. அட்டைச் சுவர் இல்லை, நல்ல சுவர். எழும்பி நாலு அடி வைத்தால் போதும். பொலிஸ்காரன் உங்களிடம் என்ன கேட்டான், அவள் என்ன மொழிபெயர்த்தாள், நான் என்ன பேசாமல் நின்றேன் என்று எல்லாம் சொல்லவேண்டும். கல்லை மேசையில் எடுத்து வைத்துவிட்டேன்.