இருபத்தேழு ஆட்டங்கள்

லாச்சப்பல், பாரிஸ்
07.03.2012

அன்பானவருக்கு,

நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். துலூஸுக்குப் போய் இரண்டு மாதமாகிவிட்டது. அந்த உணவகக் குசினியில் இன்னும் ஞாயிறு லீவு தரவில்லை என்றால் நான் வந்துதான் கேட்க வேண்டும். போனில் கதைத்தால் இரண்டு பேருக்கும் குரல் ஏறுகிறது, கடிதம் எழுதுவோம் என்றது நீங்கள். நான் பக்கம் பக்கமாக எழுதுகிறேன். உங்களிடமிருந்து வருவது மருந்துச் சீட்டு மாதிரி நாலு வரி.

ஒரு புதினம் சொல்கிறேன். கடையில் எனக்குச் செவ்வாய் லீவு அல்லவா. பின்தெருவில் ஒரு சங்க மண்டபத்தில் செவ்வாய் பின்னேரங்களில் செஸ் விளையாடுகிறார்கள் என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தது. கட்டிய புருசனிடம் இருபத்தேழு ஆட்டம் தோற்ற வீராங்கனை போகாமல் இருப்பேனா? போனேன். மானமும் போனது.

ஒதில் என்ற ஓய்வுபெற்ற தாதியோடு விளையாட உட்கார்ந்தேன். என் சிப்பாய் ஒன்று நடந்து நடந்து கடைசி வரிசையில் குதிரைக் கட்டத்துக்கு ஏறிவிட்டது. ஏறிய கட்டத்துக்குரிய காய்தான் கிடைக்கும் என்று நீங்கள் சொல்லித்தந்தபடி அதை எடுத்துவிட்டுக் குதிரையை வைத்தேன். மனுசி என் முகத்தையே பார்த்தா. பிறகு என் ராசாவுக்கு ஆபத்து வந்தது. ராசா ஒருமுறை குதிரைபோலப் பாயலாம் என்ற நம் விதிப்படி பாயவிட்டேன். உடனே பொறுப்பாளரைக் கூப்பிட்டுவிட்டா. சிப்பாய் எந்தக் கட்டத்தில் ஏறினாலும் ராணியாக்கலாமாம். ராசா பாயவே கூடாதாம். எங்கள் ஊரில் இப்படித்தான் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அடித்துச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அங்கே ஹரி என்று ஒரு திருச்சிப் பொடியன் வருகிறான், ஆராய்ச்சி மாணவன். அவன்தான் எழும்பி, "மேடம் சொல்றது பொய் இல்ல. எங்க ஊர்லயும் பழைய ஆளுங்க சில பேர் இப்படித்தான் ஆடுவாங்க" என்று தமிழில் எனக்கும் பிரெஞ்சில் மற்றவர்களுக்கும் சொன்னான். எனக்கு உயிர் வந்தது. அடுத்த செவ்வாயும் போகப் போகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
சிவாஜினி


துலூஸ்
13.03.2012

அன்புள்ள சிவாஜினிக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். லீவு இல்லை.

மருந்துச் சீட்டு என்று கேலி பண்ணினீர், ஆகையால் இன்று கூடுதலாக எழுதுகிறேன். பொடியன் என்று எழுதினீர். எத்தனை வயதுப் பொடியன்? உமக்காக எழும்பிப் பேச அவனுக்கு என்ன அவசரம்? பிழை விட்டால் அந்தப் பொறுப்பாளர் சொல்லித் தந்திருப்பார்தானே. அவர்கள் நாட்டில் எல்லாப் பெண்களையும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள், அது எனக்குத் தெரியும். தெரிந்தும் எரிகிறது. ஒளிக்காமல் சொல்கிறேன். நான் இஞ்சை வெங்காயம் வெட்டிக்கொண்டு நிற்க, நீர் அங்கை யாருக்கோ முன்னால் முகத்தைக் கையில் தாங்கிக்கொண்டு யோசிக்கிறீர். யோசிக்கும்போது நீர் எப்படி இருப்பீர் என்று எனக்குத்தானே தெரியும். இப்போது இன்னும் நாலு பேருக்குத் தெரிகிறது.

விதியைப் பற்றி உம்மோடு சண்டை பிடிக்க வர மாட்டேன். நாங்கள் விளையாடியது நம் வீட்டு விளையாட்டு. அதை ஏன் மண்டபத்துக்குக் கொண்டுபோனீர்? நான் வரும்போது விளையாடுவோம்.

வாமதேவன்


லாச்சப்பல்
21.03.2012

அன்பானவருக்கு,

ஹரிக்கு இருபத்தாறு வயது. தாடி உண்டு, மீசை சுமார். ஊரில் நிரஞ்சனா என்ற பெண்ணைப் பேசி வைத்திருக்கிறார்கள். அவளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் ஆட்டத்தில் மணி ஓடுவதுகூட அவனுக்குத் தெரியாது. போதுமா? இரத்தப் பரிசோதனை ஏதும் வேண்டுமா?

உங்களுக்கு எரிகிறது என்று வாசித்தபோது, பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது. இரண்டு மாதத்தில் நீங்கள் எழுதிய முதல் உண்மையான வசனம் அதுதான்.

இங்கே ஒரு பழக்கம். ஆட்டம் முடிந்தால் வென்றவரும் தோற்றவரும் எழும்பிப் போவதில்லை. பக்கத்து மேசைக்குப் போய், முதல் நகர்த்தலிலிருந்து திரும்ப வைத்து, எங்கே பிழைத்தது என்று பார்ப்பார்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் தங்கள் ஆரம்ப ஆட்டங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டுமாம். என்னிடம் நீலக் கொப்பி இருக்கிறது என்றேன். நான் பாரிசுக்கு வந்த முதல் பனிக்காலத்தில், அந்த ஒற்றை அறையில், நாங்கள் விளையாடிய இருபத்தேழையும் 'ராணிக்கு முன்னால் நிற்கிற சிப்பாய் இரண்டு கட்டம்' என்று வசனமாக எழுதி வைத்தேனே, அது. போன செவ்வாய் கொண்டுபோனேன். ஹரி வாசித்து வாசித்துக் காயை வைக்க, ஒதிலும் நானும் பார்த்தோம்.

எவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறேன். உங்கள் காய் ஒன்றை வெட்டினால் அந்தச் சந்தோசப் புளுகத்தில் அடுத்து என்ன வரும் என்று பார்க்கவே இல்லை. இன்னொன்றும் கண்டுபிடித்தேன். நான் பலகையைப் பார்த்து விளையாடவில்லை, உங்கள் முகத்தைப் பார்த்து விளையாடியிருக்கிறேன். பத்து ஆட்டமாவது நல்ல நிலையில் நின்றிருக்கிறேன். நீங்கள் புருவத்தைச் சுருக்கியவுடன் பின்னுக்கு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 29, ஞாயிறு, சென் தெனியில் போட்டி. எங்கள் மண்டபத்திலிருந்து நாலு பேர். என் பெயரையும் கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள்
சிவாஜினி


துலூஸ்
28.03.2012

சிவாஜினிக்கு,

கொப்பியைக் காட்டினீர்.

நீர் எழுதுமுன்பே எனக்குத் தெரியும். தவரத்தினம் அண்ணை போன் எடுத்தார். உமக்கு வேலை தந்த மனிசன், நல்லதுக்குத்தான் சொல்வார். "வாமதேவன், குறை விளங்காதையும். உம்மடை மனிசி அந்த இந்தியாக்காரப் பொடியனோடை தலை முட்டுற மாதிரிக் குனிஞ்சுகொண்டு இருக்கிறா. கண்ணாடிக்குள்ளாலை றோட்டுக்கே தெரியுது" என்றார். நான் ஓம் அண்ணை, ஓம் அண்ணை என்று சொல்லிவிட்டு வைத்தேன். அன்று குழம்புக்கு உப்பு இரண்டு தரம் போட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டினேன்.

செஸ் விளையாடும். ஆனால் அந்தக் கொப்பி செஸ் இல்லை. ஓரத்தில் எல்லாம் நீர் எழுதி வைத்திருக்கிறீர். 'தோற்ற கோபத்தில் இன்று கதைக்கவில்லை, இவர் தேத்தண்ணி போட்டுத் தந்து சமாளித்தார்.' 'கணப்பு வேலை செய்யவில்லை, ஒரே போர்வைக்குள் இருந்து விளையாடினோம்.' அதையும் அவன் வாசித்தானா? வாசித்துச் சிரித்தானா? நம் அறைக்குள் அவனைக் கூட்டிவந்து இருத்திவிட்டீர். ஒருவன் உம்மோடு விளையாடினான் என்றால் பொறுத்துக்கொள்வேன். நான் உம்மோடு விளையாடியதை ஒருவன் பார்த்தான் என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

கொப்பியைப் பதிவுத் தபாலில் எனக்கு அனுப்பும். இங்கே இரண்டு அறை வீடு ஒன்று பார்த்திருக்கிறேன், மே முதல் தருவார்கள். கடைக்குச் சொல்லிவிட்டு வாரும். சென் தெனிக்குப் போக வேண்டாம்.

வாமதேவன்


லாச்சப்பல்
11.04.2012

அன்பானவருக்கு,

கொப்பி இந்தக் கடிதத்தோடு வருகிறது. கையெழுத்து வைத்து வாங்குங்கள்.

ஓரத்தில் இருந்ததை ஹரி வாசிக்கவில்லை. அந்த இடம் வந்தால் கையால் மறைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனான். நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் தவரத்தினம் அண்ணை சொன்னதைக் கேட்டீர்கள்.

அனுப்ப முன்பு இருபத்தேழு ஆட்டத்தையும் வேறொரு கொப்பியில் பார்த்து எழுதினேன். ஐந்து நாள் எடுத்தது. நீங்கள் திருப்பிக் கேட்டிருக்காவிட்டால் அவ்வளவு கவனமாக ஒவ்வொரு வரியாக வாசித்திருக்க மாட்டேன். காய்களை மட்டும் பார்த்திருப்பேன்.

பத்தொன்பதாவது ஆட்டத்தில் என் சிப்பாய் குதிரைக் கட்டத்தில் ஏறியது. ராணி எடுத்திருந்தால் அடுத்த நகர்த்தலில் உங்கள் ராசா முடிந்தது. அதற்கு எனக்குக் கோபம் இல்லை, ஊர் விதி என்று விட்டேன். ஆனால் பதினோராவது ஆட்டத்தின் ஓரத்தில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது, நீங்களே எடுத்துப் பாருங்கள்: 'இவருடைய சிப்பாய் குதிரைக் கட்டத்தில் ஏறியது. இவர் ராணியைக் கையில் எடுத்தார். பிறகு அதை வைத்துவிட்டுக் குதிரையை எடுத்தார். ஏன் என்று கேட்டேன். கை மாறிவிட்டது என்றார்.'

ஊர் விதி மட்டும் தெரிந்தவருடைய கை ராணிக்கு ஏன் போகிறது?

உங்களுக்குச் சரியான விதி தெரிந்திருந்ததா? ஓம் அல்லது இல்லை என்று எழுதுங்கள்.

சிவாஜினி


துலூஸ்
20.04.2012

என் சிவாஜினிக்கு,

ஓம்.

ஊரில் சித்தப்பா வீட்டில் அப்படித்தான் விளையாடினோம், அது பொய் இல்லை. இஞ்சை வந்த புதிதில், அகதி விடுதியில், ஒரு எத்தியோப்பியர் சரியான விதியைச் சொல்லித் தந்தார். நீர் வருவதற்கு ஆறு வருசத்துக்கு முன்பே எனக்குத் தெரியும்.

நீர் வந்திறங்கிய அன்று கார் து நோர் ரயில் நிலையத்தில் உமது பெட்டியைப் படியில் இறக்க ஒருவன் கை கொடுத்தான். நீர் சிரித்தீர். நன்றிக்குச் சிரித்தீர், வேறொன்றும் இல்லை. அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான். எனக்கு அப்போதே நாற்பத்தைந்து, முன்மண்டையில் மயிர் இல்லை, உடம்பெல்லாம் பொரித்த எண்ணெய் மணம். இந்தப் பெண் ஏன் என்னிடம் வந்தாள் என்று எனக்கே விளங்கவில்லை.

அடுத்த மாதம் செஸ் சொல்லித் தரச் சொல்லிக் கேட்டீர். இரண்டாம் நாளே நீர் என்னை விடக் கெட்டிக்காரி என்று கண்டேன். சரியான விதியைச் சொல்லித் தந்தால் நீர் உலகத்தில் யாரோடும் விளையாடலாம். நான் சொல்லித்தந்த விதியோடு நீர் என்னோடு மட்டும்தான் விளையாடலாம். அதுதான் காரணம். வெல்வதற்காகச் செய்யவில்லை.

கொப்பி தலைமாட்டில் இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது. சென் தெனிக்குப் போம். முடிந்ததும் இஞ்சை வாரும். மே மாத வாடகைக்குச் சொல்லிவிட்டேன், வீட்டில் வெளிச்சம் நல்லாக வருகிறது.

உமது
வாமதேவன்


லாச்சப்பல்
02.05.2012

வாமதேவனுக்கு,

உங்கள் கடிதத்தை சென் தெனிக்குப் போகிற ரயிலில் வாசித்தேன். போட்டியில் நாலு ஆட்டத்தில் மூன்று தோல்வி. வென்ற ஒன்றில் சிப்பாயை ராணியாக்கினேன். யாராவது கூடாது என்று சொல்வார்களோ என்று இருந்தது. ஒருவரும் சொல்லவில்லை.

நீங்கள் பயந்தது எனக்கு விளங்குகிறது. எழுதியதற்கு நன்றியும் சொல்கிறேன், அது லேசான வேலை இல்லை. உங்கள் முன்மண்டையைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததில்லை. என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்த அறையில் உங்களோடு மட்டும்தான் விளையாட வேண்டும் என்று நானாகவே இருந்தேன். அதை விதியாக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

இரண்டு நாளாக வேறொன்று மனதில் ஓடுகிறது. இந்த நாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நீங்கள் சொல்லித்தந்தது. நூலக அட்டைக்குப் புருசனின் கையெழுத்து வேண்டும் என்றீர்கள். நேற்று முன்தினம் ஒதிலோடு போய் எடுத்தேன், ஐந்து நிமிடம். ஒருவரும் உங்கள் பெயரைக் கேட்கவில்லை. என் விசாவுக்குத் தமிழ்க் கடை தவிர வேறு இடத்தில் வேலை செய்ய முடியாது என்றீர்கள். மூன்று வருசம் முடியாமல் பிரெஞ்சு வகுப்பில் சேர்க்க மாட்டார்கள் என்றீர்கள். வங்கியில் என் பெயரில் கணக்குத் திறக்க முடியாது என்றீர்கள். நானும் தலையாட்டினேன், கொப்பியில்கூட எழுதி வைக்கவில்லை.

நான் விசா கொடுக்கிற பிரெபெக்தூர் அலுவலகத்துக்கும் வங்கிக்கும் போய் ஒவ்வொன்றாகக் கேட்கலாம், கேட்கவும் போகிறேன். ஆனால் உங்கள் கையால் வர வேண்டும். எனக்குச் சொல்லித்தந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி, எது இந்த நாட்டு விதி, எது உங்கள் விதி என்று பிரித்து அனுப்புங்கள். ஒன்றையும் விட வேண்டாம். அந்தத் தாள் வந்து, நான் கேட்டறிந்ததோடு அது ஒத்துப்போனால், துலூஸ் வீட்டைப் பற்றி யோசிக்கிறேன். அதுவரை வேறு கடிதம் எழுத மாட்டேன்.

சிவாஜினி